மூடுபனியிலும் தோல் கருகும்

நுவரெலியாக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் சன்ஸ்கிறீன் வேறயா என்று சிரிப்பவர்கள் உண்டு. வேண்டும்தான். தோலைக் கருக்குவது சூடு அல்ல, புறஊதாக் கதிர். ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேலே. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். வெயிலில் தோல் கருகாமல் எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண்தான் எஸ்பிஎஃப். அது 30 அல்லது அதற்கு மேல், கூடவே 'ப்ரோட் ஸ்பெக்ட்ரம்' (புறஊதாக் கதிரில் ஏ, பி இரண்டு வகையையும் தடுப்பது) என்று இருந்தால் சரி. சட்டென்று சிவந்து அரிக்கும் தோல் என்றால் சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட் உள்ளதைத் தேடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய கிறீம் வேண்டும். கடுகளவு தொட்டுத் தேய்த்தால் பெட்டியில் போட்ட எண் கிடைக்காது. வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபடியும். மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு அது நடக்கிற காரியமா? அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் அவர்களுக்கு முதல் காவல், கிறீம் அப்புறம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வெள்ளையாக்கும் கிறீம்களுக்குத்தான். உள்ளடக்கப் பட்டியலில் மெர்க்குரி, கலோமல், மெர்க்குரஸ் குளோரைட் என்று எது இருந்தாலும் பாதரசம்தான், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில பெட்டிகளில் அந்தப் பெயரே இருக்காது. 'தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்' என்று மட்டும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். காதுத் தோட்டுக்கே ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா? பட்டியலே அச்சிடாத டப்பா என்றால், விலைகூடக் கேட்காமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.