ஷார்ட் சேலில் வீடு வாங்க: இரண்டாம் கடனை முதலில் பாருங்கள்

வீட்டின் மேல் 6 லட்சம் டாலர் கடன் நிற்கிறது. இன்று விற்றால் 5 லட்சம்தான் தேறும். வந்ததை எடுத்துக்கொண்டு அடமானத்தை விடுவிக்க வங்கி சம்மதித்தால் அதுதான் ஷார்ட் சேல். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் தெருவுக்குத் தெரு நடந்தது. இப்போது அரிது, ஆனால் நின்றுவிடவில்லை. நாங்கள் அங்கே வீடு வாங்கியது இந்த வழியில்தான். வங்கியிடம் கடனுக்கு முன்அனுமதி வாங்குவது, வீடு பார்ப்பது எல்லாம் வழக்கம்போலவே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மாநிலச் சட்டம் பற்றிச் சொல்வது கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும்.

படி 1: வில்லங்கம் பாருங்கள்

விலை பேசும்போதே டைட்டில் நிறுவனத்தின் (சொத்துரிமையையும் வில்லங்கத்தையும் சரிபார்க்கும் நிறுவனம்) முதல்கட்ட அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை கடன், சொத்து வரி பாக்கி எவ்வளவு, குடியிருப்போர் சங்கம் பாக்கிக்காக வீட்டின் மேல் உரிமை பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏல அறிவிப்பு பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் தவறிய அறிவிப்பு பதிவாகிக் குறைந்தது மூன்று மாதம் கழித்து ஏல அறிவிப்பு வரும். அதன்பின் ஏலத்துக்கு 20 நாள் இருந்தாலே போதும்.

படி 2: விலை சொல்லுங்கள்

விற்பவர் கையெழுத்திட்டதும் வீடு கிடைத்துவிட்டதாக எண்ணவேண்டாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும். இங்கே பூசாரி வங்கி. அது தானே ஆள் வைத்து வீட்டை மதிப்பிடும். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு மறுப்புத்தான் வரும்.

விற்பவர் கொடுக்கவேண்டியவை: கட்ட முடியாத நிலைமையை விளக்கும் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், இரண்டு ஆண்டு வருமான வரிப் படிவங்கள். என் கட்சி இதுதான்: எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கடன் எண்ணை எழுதி அனுப்பவேண்டும். துண்டு துண்டாக அனுப்பினால் ஏதாவது ஒரு தாள் வரவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள். கணக்கு விவரம் பழையதாகிவிட்டால் புதியது கேட்பார்கள், அது வழக்கம்தான்.

படி 3: இரண்டாம் கடன்

எங்களை நிறுத்தி வைத்தது இதுதான். விற்றவருக்குப் பெரிய கடன் ஒரு வங்கியில். வீட்டின் மதிப்பு ஏறிய காலத்தில் அதைக் காட்டி வாங்கிய சிறிய கடன் வேறொரு வங்கியில். வீடு ஏலத்துக்குப் போனால் இரண்டாம் வங்கிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. ஆனாலும் அது விடுவிக்காமல் வில்லங்கம் தீராது. அந்தப் பிடி தன் கையில் இருப்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

முதல் வங்கியின் கடிதத்தில், இரண்டாம் கடனுக்கு 6,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. இரண்டாம் வங்கி 8,500 கேட்டது. நடுவில் 2,500 டாலர்! வீட்டு விலைக்கு முன்னால் கொசுறு, ஆனால் யார் கொடுப்பது? விற்பவரிடம் கேட்க வழியில்லை. ஒப்புதல் தருவதற்காக விற்பனைத் தொகைக்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று மாநில உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 580-இ பிரிவு சொல்கிறது. முதல் வங்கி ஒரு டாலர்கூட இறங்கவில்லை.

'தனியாக ஒரு காசோலை கொடுத்துவிடுங்கள், கணக்கில் வரவேண்டாம்' என்று காதோரம் சொல்ல ஆள் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். வங்கிக்குத் தெரியாமல் கைமாறும் பணம் மோசடி வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். அந்த 2,500 டாலரை நாங்களே தர முன்வந்தோம். இரண்டு வங்கிகளும் எங்களுக்குக் கடன் தந்த வங்கியும் எழுத்தில் சம்மதித்து, இறுதிக் கணக்குத் தாளில் அது தனி வரியாக ஏறிய பிறகே பணம் கட்டினோம்.

படி 4: ஒப்புதல் கடிதம்

வரிக்கு வரி படியுங்கள். முடிக்கவேண்டிய தேதி, வங்கிக்குச் சேரவேண்டிய குறைந்தபட்சத் தொகை, கமிஷன் உச்சவரம்பு எல்லாம் அதில் இருக்கும். தேதி தாண்டினால் புதுக் கடிதம் வாங்கவேண்டும். நம்மவர்கள் பெயரையும் பார்க்கவேண்டும். அப்பா பெயர் கடிதத்தில் முன்னாலும் ஒப்பந்தத்தில் பின்னாலும் இருந்தால் டைட்டில் நிறுவனம் திருத்தக் கடிதம் கேட்கும், எங்களிடம் கேட்டது.

விற்பவர் தேடவேண்டிய வாசகம் வேறு: மீதிக் கடனை இனி வசூலிப்பதில்லை என்பது. நான்கு குடித்தனம் வரையுள்ள வீடுகளுக்கு அதே 580-இ பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 2011 முதல் இரண்டாம் கடனுக்கும் உண்டு. வேறு பல மாநிலங்களில் கடிதத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர் கேட்டார்கள்: 'ஷார்ட் சேலில் போகும் எங்கள் வீட்டை மச்சான் பெயரில் வாங்கி அதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாமா?' பொதுவாக முடியாது. வாங்குபவரும் விற்பவரும் உறவினர் அல்லர், விற்பவர் அங்கே தொடர்ந்து குடியிருக்க மறைமுக ஏற்பாடு இல்லை என்று இருவரிடமும் வங்கி உறுதிமொழி வாங்கும். அதில் பொய் சொல்வது மத்தியச் சட்டப்படி குற்றம்.

இன்னொருவர் வரி பற்றிக் கேட்டிருந்தார். தள்ளுபடியான கடனை வருமானமாகக் காட்டி வங்கியிடமிருந்து விற்றவருக்கு 1099-சி படிவம் வரலாம். முதன்மை வீட்டுக்கு 2007இல் வந்த விலக்கு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதை 2025 இறுதிவரை கொண்டுபோனது. அந்தத் தேதிக்குப் பிறகு விற்பவர்கள், கடன் தள்ளுபடியாவதற்குச் சற்றுமுன் உங்கள் மொத்தக் கடன்கள் மொத்தச் சொத்தைவிட அதிகமா என்று கணக்காளரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகமானால் 982ஆம் படிவம் வழியாக அந்த அளவுக்கு விலக்குக் கோரலாம்.