கண்டாங்கித் துண்டில் ஒரு சுருக்குப்பை

காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை இல்லாத வீடு குறைவு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கெட்டிப் பருத்தி அது. நைந்துபோன சேலையிலும் கரைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். அதைக் கரித்துணியாக்கிவிடாதீர்கள், அழகான சுருக்குப்பை தைக்கலாம்.

7 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் இரண்டு துண்டுகள் போதும். கரை பையின் அடியில் வருமாறு வெட்டுங்கள். பாரம் தாங்குவது அந்த இடம்தான். புதுத் துணியாக இருந்தால் முதலில் தனியாக அலசிக் காயவையுங்கள், சாயமும் சுருக்கமும் அப்போதே தெரிந்துவிடும்.

நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டையும் சேர்த்து, கட்டங்களின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி குண்டூசி குத்துங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். கோடு விலகினால் பையே கோணலாகத் தெரியும். மேலே இரண்டரை அங்குலம் விட்டு, இரு பக்கமும் அடியும் தையுங்கள். அடிக்கு இரட்டைத் தையல்.

தைக்காமல் விட்ட பக்க ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்த பிறகு, வாயை ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் நாடாவுக்கு வழி கிடைக்கும். அப்புறம் பையைத் திருப்பி நல்ல பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். அடுத்து 22 அங்குல நாடா இரண்டு. ஒன்றை இடப்பக்கமிருந்தும் மற்றதை வலப்பக்கமிருந்தும் ஊக்கில் மாட்டிச் சுற்றிக் கோத்து, நுனிகளை முடிச்சிடுங்கள். இரண்டையும் ஒருசேர இழுத்தால் வாய் இறுக மூடிக்கொள்ளும்.

சில்லறை, சாவி, வெற்றிலை பாக்கு எல்லாம் தாராளமாகக் கொள்ளும். விசேஷ வீட்டில் தாம்பூலம் கொடுக்கவும் பிளாஸ்டிக் பைக்குப் பதில் இதுவே நல்லது.