8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேக நீராவிக் கப்பலில் வில்மிங்டன் முற்றுகையைக் கடப்பது எப்படி (1863)

அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்கள்மீது லிங்கன் 1861 ஏப்ரல் 19-ல் கடல் முற்றுகையை அறிவித்த பிறகு, பஹாமாஸின் நாஸாவிலிருந்து தென் தரப்புத் துறைமுகமான வட கரோலினாவின் வில்மிங்டனுக்குச் சரக்கு கொண்டுபோக வேகமான துடுப்புச்சக்கரக் கப்பல்தான் வேண்டும் என்று சொல்வார்கள். 8 நாட் கப்பலிலும் போகலாம். ஆனால் முற்றுகையிடும் வட தரப்புப் போர்க்கப்பல் ஒன்று துரத்தத் தொடங்கிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே எல்லா ஏற்பாடும் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே.

முதலில் நேரக் கணக்கு. தூரம் ஏறக்குறைய 570 கடல்மைல். 8 நாட்டில் 71 மணி நேரம். பொழுது சாயும்போது கரைக்கு 50 கடல்மைல் தொலைவில் இருந்தால், ஆறே கால் மணி நேரத்தில் கரையோரம் சேரலாம். அதைவிட வெகுவாகத் தள்ளி நின்றால் விடிவதற்குள் உள்ளே நுழைவது கடினம். அமாவாசையை மட்டும் பார்த்தால் போதாது, கடல் பெருகும் நேரமும் பொருந்த வேண்டும். பெருக்கு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை கழிந்த சில நாட்கள் நிலா சீக்கிரம் மறைந்துவிடும், அந்த இரவுகளையும் சேர்த்துப் பாருங்கள். முகத்துவார மணல்திட்டை நீர் ஏறும்போதுதான் கடக்க வேண்டும். தட்டினாலும் ஏறும் நீர் தூக்கிவிடும். வடியும் நீரில் தட்டினால் காலையில் பீரங்கிக்கு இலக்கு நீங்கள்தான்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது புகையால்தான். புகை குறைந்த ஆந்த்ரசைட்டோ வேல்ஸ் கரியோ கடைசி இரவுக்கென்று தனியாக ஒதுக்கிவையுங்கள். ஒரே வீச்சில் மொத்தமாக அள்ளிப் போட்டால் காற்றுப் போதாமல் கரும்புகை கிளம்பும். சிறிது சிறிதாக, மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். உலைகளுக்கு ஒரே நேரத்தில் கரி போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். கொதிகலன் குழாய்களில் படிந்த புகைக்கரியை இருட்டுவதற்குள் சுத்தம் செய்துவிடுங்கள், இல்லையேல் புகைபோக்கி வழியே தீப்பொறி பறக்கும். புகைபோக்கியைத் தாழ்த்தினால் மறைவு கிடைக்கும், ஆனால் காற்றிழுப்பு குறைந்து நீராவி அழுத்தம் இறங்கும். மெதுவான கப்பலுக்கு அந்த இழப்பு கட்டாது.

இயந்திரத்தை நிறுத்தினால் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு சீறும். அந்தச் சத்தம் இரவில் வெகுதூரம் கேட்கும். நிறுத்தப் போவதற்குச் சற்று முன்பே உலையின் காற்றிழுப்பைக் கட்டுப்படுத்தும் அடைப்பை மூடுங்கள். மிஞ்சும் நீராவியை நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கும் குழாய் வழியே விடுங்கள்.

உடலுக்கு மங்கிய சாம்பல் வண்ணம். இயந்திர அறையின் மேல்திறப்புகளைத் தார்ப்பாயால் மூடுங்கள், உள்ளே இருப்பவர்கள் வெந்து சாகிறோம் என்று கத்தினாலும் சரி. திசைகாட்டி விளக்கையும் மூடி, சுக்கான்காரர் மட்டும் பார்க்கும் அளவுக்கு ஒரு துளை விட்டால் போதும். சேவல் ஏற்ற வேண்டாம், விடியுமுன் கூவித் தொலைக்கும்.

கரையை, முகத்துவாரத்தைக் காக்கும் தென் தரப்பின் ஃபிஷர் கோட்டைக்கு வடக்கே பிடித்து, அலை உடையும் வரியை ஒட்டித் தெற்கே ஊர்ந்து நியூ இன்லெட் என்னும் ஆற்று நுழைவாயிலுக்கு வாருங்கள். காவல் கப்பல்கள் ஆழமான பக்கம் நிற்கும். அலையிரைச்சல் உங்கள் சத்தத்தை விழுங்கும். வளைகுடா நீரோட்டம் வடகிழக்கே தள்ளியிருக்கும், எனவே கணக்கை நம்பாமல் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பாருங்கள். குண்டின் அடியில் கொழுப்புத் தடவினால் ஒட்டி வரும் மணலே இடத்தைச் சொல்லும். காவல் கப்பல் ராக்கெட் விட்டு நீங்கள் போகும் திசையைக் காட்டினால், நீங்களும் அதேபோல் ஒன்றை வேறு திசையில் விடுங்கள். கோட்டைக்குச் சைகை கொடுத்து, அவர்கள் வழிகாட்டும் விளக்கை ஏற்றிய பிறகே மணல்திட்டில் ஏறுங்கள்.