தன்பாலினத் திருமணம்: வேட்பாளர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினாலே ஒரு அட்டவணை சுற்ற ஆரம்பித்துவிடும். இந்தப் பக்கம் ஒரு வேட்பாளர், அந்தப் பக்கம் இன்னொருவர், தன்பாலினத் திருமணம் என்ற வரிக்கு நேராக ஒருவருக்குப் பச்சை டிக், மற்றவருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இதில் அடங்கியிருப்பது ஆயிரக்கணக்கான ஜோடிகளின் வீடு, வாரிசுரிமை, ஆஸ்பத்திரி அறைக்குள் நுழையும் உரிமை எல்லாம், அதனால் வேட்பாளர் என்ன சொன்னார் என்பதைச் சரியாகப் படிப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

பெரிய தவறு, இதை ஒரே கேள்வியாக நினைப்பதுதான். உள்ளே நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. சட்டம் இதைத் திருமணமாகவே ஏற்க வேண்டுமா, அல்லது சிவில் யூனியன் என்ற தனிப் பதிவு போதுமா? ஒரு மாநிலத்தில் நடந்த கல்யாணத்தை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டுமா? மத்திய அரசு மதிக்க வேண்டுமா? தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமா? 2008 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவும் சரி, குடியரசுக் கட்சியின் மெக்கெய்னும் சரி, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்றே சொன்னார்கள். அந்த வருஷம் துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில் பைடனும் சாரா பேலினும்கூட இந்தத் திருமணத்தை ஆதரிக்கவில்லை என்றுதான் பதில் சொன்னார்கள். அட்டவணையில் போட்டால் நாலு பேருக்கும் ஒரே குறி. ஆனால் அதே நவம்பரில் கலிஃபோர்னியாவில் இந்தத் திருமணங்களைத் தடை செய்ய 'புரொபொசிஷன் 8' வாக்கெடுப்புக்கு வந்தபோது மெக்கெய்ன் அதை ஆதரித்தார், ஒபாமா எதிர்த்தார். இந்தத் திருமணங்களை மத்திய அரசு ஏற்காது, மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டியதில்லை என்று 1996இல் வந்த 'டோமா' சட்டத்தை முழுதாக நீக்க வேண்டும் என்றார் ஒபாமா. மெக்கெய்ன் அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர். அப்புறம் இன்னொரு பக்கமும் உண்டு: நாடு முழுவதும் தடை விதிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை 2004லும் 2006லும் சொந்தக் கட்சி முன்னால் கொண்டுவந்தபோது, இது மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று எதிர்த்து வாக்களித்தவரும் இதே மெக்கெய்ன்தான். ஒரு டிக், ஒரு பெருக்கல் குறிக்குள் இதில் எதுவும் அடங்காது.

சிவில் யூனியனை ஆதரிக்கிறேன் என்று ஒருவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதானே என்று விட்டுவிடுவார்கள். அதே இல்லை. திருமணமானவரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும் மத்திய சட்டப் பிரிவுகளை 2004இல் அரசின் தணிக்கை அலுவலகம் எண்ணியபோது 1,138 வந்தது. வரி, ஓய்வூதியம், குடியுரிமை, எல்லாம் அதில் அடக்கம். வெர்மான்ட் மாநிலம் 2000இல் கொண்டுவந்த சிவில் யூனியனால் அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முறைப்படி கல்யாணமே செய்திருந்தாலும் டோமா இருந்தவரை மத்திய அரசு கண்டுகொள்ளவில்லை: எடித் வின்ட்சர் கனடாவில் திருமணம் செய்துகொண்டவர், அவர் வாழ்ந்த நியூயார்க் மாநிலம் அதை ஏற்றது, ஆனால் துணைவி இறந்தபோது 3,63,053 டாலர் வாரிசு வரி கட்டச் சொன்னார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. அந்த வழக்கில்தான் 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் டோமாவின் முக்கியப் பிரிவை 5-4 என்று ரத்து செய்தது. ஆக, 'மாநிலம் ஏற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று பெருந்தன்மையாகப் பேசிவிட்டு டோமாவைத் தொடாமல் விட்ட வேட்பாளரால் வின்ட்சருக்கு ஒரு டாலர்கூட மிச்சமாகியிருக்காது.

அடுத்து, தேதி பார்க்காமல் பகிர்வது. ஒபாமா 1996இல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது ஆதரவு என்று எழுதிக் கொடுத்தார், 2008இல் இல்லை என்றார், 2012 மே 9 அன்று மறுபடி ஆதரவு என்றார். பைடன் 1996இல் டோமாவுக்கு ஆதரவாக வாக்களித்தார், 2012 மே 6 அன்று ஒபாமாவுக்கு மூன்று நாள் முந்திக்கொண்டு டிவி பேட்டியில் ஆதரவு சொன்னார், 2022 டிசம்பரில் அதிபராக டோமாவையே நீக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இவர்களைப் பற்றி எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் ஒரு உண்மையான கிளிப் கிடைக்கும், அதுதான் ஆபத்து. மனம் மாறியது நிஜமா, ஓட்டுக்காகவா என்ற சண்டைக்குள் இறங்கினால் வெளியே வர முடியாது, யாருடைய மனதுக்குள்ளும் நாம் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மாறிய பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். சிலசமயம் செயல் பேச்சை முந்திக்கொள்ளும்: ஒபாமா வாய் திறந்து ஆதரவு சொல்வதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே, 2011 பிப்ரவரியில், டோமாவின் அந்தப் பிரிவுக்காக நீதிமன்றத்தில் வாதாடப் போவதில்லை என்று அவருடைய அரசு அறிவித்துவிட்டது.

கட்சியின் தேர்தல் அறிக்கையை அப்படியே வேட்பாளர் தலையில் கட்டுவதும் சரியல்ல. 2004இல் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்ய அரசியல் சட்டத் திருத்தம் கேட்டவர் அதிபர் புஷ். ஆனால் சிவில் யூனியனும் கூடாது என்ற தன் கட்சி அறிக்கையோடு தனக்கு உடன்பாடில்லை என்று தேர்தலுக்குச் சில நாள் முன்பு பேட்டியில் சொன்னார். பிரிட்டனில் 2013இல் அன்றைய பிரதமர் கேமரூன் இந்தத் திருமணத்தை ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள்தான் அதிகம். ஜெர்மனியில் 2017இல் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று கதவைத் திறந்துவிட்ட அன்றைய அரசுத் தலைவர் மெர்க்கல் தானே எதிர்த்து வாக்களித்தார், மசோதா 393-226 என்று நிறைவேறியது. மெர்க்கலுக்கு எந்தக் குறி போடுவீர்கள்?

சாமி கும்பிடுகிறவரா, யாரோடு வாழ்கிறார் என்பதை வைத்து ஊகிப்பதும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கல்யாணம் செய்யாமல் துணைவரோடு வாழ்ந்தவர், தொழிலாளர் கட்சிக்காரர், ஆனாலும் பிரதமராக இருந்தபோது 2012இல் தன்பாலினத் திருமண மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்.

இப்போது அதிகம் நடக்கும் தவறு வேறு. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஓபர்கஃபெல் தீர்ப்பு வந்து நாடு முழுவதும் இந்தத் திருமணம் உரிமையானது, அதனால் 'அது முடிந்துபோன விஷயம்' என்று வேட்பாளர் சொன்னால் ஆதரவு என்றே எழுதிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. டிரம்ப் 2016இல் ஜெயித்த பிறகு இதையேதான் சொன்னார். அதே வருஷம் ஜனவரியில், தீர்ப்பை மாற்றக்கூடிய நீதிபதிகளை நியமிப்பது பற்றித் தீவிரமாக யோசிப்பேன் என்றும் சொல்லியிருந்தார். 2022இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தபோது, ஓபர்கஃபெல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் தனியாக எழுதினார். ஓபர்கஃபெல் தீர்ப்பு 5-4 என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே வேட்பாளர் எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று பாருங்கள். அதிபர் நீதிபதிகளை நியமிக்கிறார், ஆனால் அரசியல் சட்டத் திருத்தத்தில் அவருக்கு ஓட்டே கிடையாது. நியமனத்தை உறுதி செய்வது செனட், அதனால் செனட் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது அவருடைய சொந்த அபிப்பிராயத்தை அல்ல, எப்படிப்பட்ட நீதிபதிக்கு வாக்களிப்பார் என்பதை. நியமிக்கப்பட்டவர் நியமித்தவர் நினைத்தபடியே எழுதுவார் என்பதும் நிச்சயமில்லை. ஓபர்கஃபெல் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர்.

மாநிலத் தேர்தலை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டோமாவை நீக்கிய 2022 சட்டம், ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் மதிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாநிலமும் திருமண உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. உரிமம் கொடுக்க வைப்பது ஓபர்கஃபெல் மட்டும்தான். அது போனால், பல மாநிலங்களின் அரசியல் சட்டத்தில் நீக்கப்படாமல் கிடக்கும் பழைய தடைகள் மறுபடி உயிர்பெறும். 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் அப்படிப்பட்ட தடைகளை நிறைவேற்றின. கலிஃபோர்னியா, கொலராடோ, ஹவாய் ஆகிய மூன்றும் 2024 வாக்கெடுப்பில் தங்கள் அரசியல் சட்டத்தில் இருந்த வரிகளை எடுத்துவிட்டன. மற்ற இடங்களில் அந்தத் தடையை நீக்கும் தீர்மானத்துக்கு வாக்களிப்பீர்களா என்று மாநில சட்டமன்ற வேட்பாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். மத்தியில் ஏற்கெனவே இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம், 2022 சட்டம் செனட்டில் 61-36, கீழ்ச்சபையில் 258-169 என்று நிறைவேறியது, யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாகியிருக்கிறது.