உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்தக் கோப்பில் சிக்கியிருக்கிறது? தேடும் வழி

போன மாதம் என் ஜிமெயிலில் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஒரே தொல்லை. முகவரி எப்படிப் போனது என்று தோண்டினேன். எப்போதோ போன ஒரு பயிற்சி வகுப்பின் பட்டியல், எக்செல் கோப்பாக இணையத்தில் திறந்து கிடந்தது. வரிசை எண், பெயர், செல்பேசி, மின்னஞ்சல். 63-ஆவது வரியில் நான்.

முதலில் முழு முகவரியையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். அட் குறி, புள்ளி இரண்டையும் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. துண்டுகளை அதே வரிசையில் பிடித்து வைப்பது மேற்கோள்தான்.

அப்புறம் கோப்பு வகை. மேற்கோளை மூடி ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் ஃபைல்டைப் என்று ஒரே சொல்லாக அடித்து, முக்காற்புள்ளி வைத்து, பிடிஎஃப். இங்கேதான் அரை நாளைத் தொலைத்தேன். கட்டுரை எழுதும் பழக்கத்தில் முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டிருக்கிறேன்! அப்படி விட்டால் அது கட்டளையாக வேலை செய்யாது, வெறும் சொல்லாகிவிடும். பிடிஎஃப் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். போனில் தேடினால் விசைப்பலகை தானாக இடைவெளி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிடிஎஃப் இருந்த இடத்தில் எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (இரண்டும் எக்செல் கோப்புகள்), டாக்எக்ஸ் (வேர்டு கோப்பு), சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். முதல் இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். பழைய பட்டியல்கள் எக்ஸ்எல்எஸ்ஸில்தான் இருக்கும்.

நம் அரசுத் தளங்களில் அட் குறிக்குப் பதில் அடைப்புக்குள் 'அட்', புள்ளிக்குப் பதில் 'டாட்' என்று எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் முகவரியை அப்படியே எழுத்தாக்கி, மேற்கோளுக்குள் இன்னொரு முறை தேடுங்கள். கூகுளைப் போன்ற இன்னொரு தேடுதளமான பிங்கிலும் ஒரு சுற்று போவேன். அங்கேயும் ஃபைல்டைப் உண்டு.

கோப்பைத் திறந்ததும் கன்ட்ரோல் எஃப் அழுத்தி உள்ளே தேடுங்கள். எதுவும் சிக்காவிட்டால் அது ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம். கண்ணால்தான் தேட வேண்டும்.

நீக்க வேண்டுமா? முதலில் தளம் நடத்துபவருக்கு எழுதுங்கள். கூகுளிடம் மட்டும் சொன்னால் தேடலில் மறையும், கோப்பு அங்கேயேதான் இருக்கும். அவர்கள் எடுத்த பிறகும் தேடலில் பழைய துணுக்கு தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கூகுளில் தனிப் பக்கம் இருக்கிறது. தளத்தார் பதிலே போடாவிட்டால், மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்றவற்றைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கூகுளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2022 முதல் இது சுலபமாகியிருக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த தோழி ஒருத்தி, தன் முகவரி எங்கும் வரவில்லை என்றாள். அவள் முகவரியில் புள்ளி உண்டு. பட்டியலில் அவள் முகவரியைப் பதிந்தவர் புள்ளி இல்லாமல் சேர்த்து எழுதியிருந்தார். ஜிமெயிலுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. அவள் சொன்னபிறகு என் முகவரியையும் புள்ளி இல்லாமல் தேடினேன். இன்னொரு பட்டியல், இந்த முறை 8-ஆவது வரி.