பூம்புகார் போகிறவர்களுக்கு: முதலில் கீழையூர், அப்புறம் கடல்

லண்டன், டொரன்டோ, கோலாலம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் பூம்புகாரில் இறங்கியதும் நேரே கடற்கரைக்குத்தான் போகத் தோன்றும். கரையில் எவ்வளவு நேரம் நின்றாலும் கடல் கொண்ட நகரம் கண்ணில் படாது. பழைய துறைமுகத்துக்கு உறுதியான சான்று கிடைத்தது நிலத்தில், பூம்புகாரை ஒட்டிய கீழையூரில். அங்கிருந்து தொடங்குங்கள்.

1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது, பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டுவதற்காக நட்ட மரத்தறிகளும் கூடவே கிடைத்தன. மரத்தின் வயதை அறியக் கரிமக் கணிப்புக்கு (கார்பன் டேட்டிங்) அனுப்பியதில் ஏறத்தாழ கி.மு. 3-4ஆம் நூற்றாண்டு என்று வந்தது. உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை, லாயத்துக் குதிரைகளைப்போல் தறிகளில் கட்டி வைத்ததைப் பட்டினப்பாலை சொல்கிறதே, அந்த வரிகளைப் புறப்படும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். இன்று வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் இடம் அப்போதுதான் துறையாகத் தெரியும்.

பக்கத்தில் பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. அதையும் விட வேண்டாம்.

அடுத்து கடல் அகழ்வைப்பகம், அதாவது கடலடியில் கிடைத்தவற்றைக் காட்டும் அருங்காட்சியகம். பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து ஈயப் பாளங்களை எடுத்தார்கள். சிலவற்றில் 1791, 1792 என்று ஆண்டும் ‘பிளாக்கெட்’ என்ற பெயரும் பொறித்திருக்கும். அதாவது அது சங்ககாலக் கப்பல் அல்ல. 23 மீட்டர் ஆழத்தில் கண்ட குதிரை லாட வடிவ அமைப்பை வைத்து ‘பத்தாயிரம் ஆண்டு நகரம்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அதன் காலம் நிறுவப்படவில்லை. நம் பெருமைக்குக் கீழையூர்த் தறிகளே போதும்.

சீர்காழி, மயிலாடுதுறை இரண்டிலிருந்தும் பஸ் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், குளிக்க இறங்காதீர்கள். வயலில் பானை ஓடோ காசோ கண்டால் பையில் போடாதீர்கள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நேரம் இருந்தால் தெற்கே தரங்கம்பாடி போய், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும் பாருங்கள். இரவு தங்க அங்கேயோ மயிலாடுதுறையிலோ அறை எடுப்பது வசதி.