ஃபெரெட்டோடு முயல் பிடிக்கப் போகிறவர் எடுத்துச் செல்ல வேண்டிய ஸ்பேடு

பிரிட்டனில், வேட்டைக்குப் பழக்கிய ஃபெரெட் என்ற சிறு வளர்ப்பு விலங்கை வளைக்குள் விட்டு முயல் பிடிப்பவர்களுக்கு, எல்லாம் சரியாக நடக்கிற நாளில் ஸ்பேடு தேவைப்படுவதே இல்லை. வளையின் வாய் ஒவ்வொன்றிலும் பை வலையை விரித்து, ஃபெரெட்டை உள்ளே அனுப்பிவிட்டு ஓசையின்றி நின்றால், முயல் தானாகவே வெளியே பாய்ந்து வலையில் விழும். சற்று நேரத்தில் ஃபெரெட்டும் வந்துவிடும். ஆனால் முயல் ஓடாமல் முட்டுச்சந்து போன்ற கிளைவளை ஒன்றில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துகொள்ளும் நாள்களும், ஃபெரெட் உள்ளேயே முயலைக் கொன்றுவிட்டு அதன் பக்கத்திலேயே தங்கிவிடும் நாள்களும் உண்டு. கீரியைப் போல நீண்ட உடலும், பெட்டையானால் ஒரு கிலோகூடத் தேறாத எடையும் கொண்ட அந்த உயிரைக் காயமின்றி வெளியே கொண்டுவருவதற்காகத்தான் ஸ்பேடை நாள் முழுவதும் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். ஆகவே குழியின் முதல் இரண்டு அடியை அது எவ்வளவு வேகமாகத் தோண்டும் என்று பார்த்து வாங்கக் கூடாது. கடைசி ஒரு சாணில் அது எவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளும் என்று பார்த்தே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர் மண்வெட்டியோடு பழகியவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்வெட்டி ஓங்கி வெட்டித் தன்பக்கமாக இழுக்கும் கருவி. ஸ்பேடோ அலகின் தோள்பட்டையில் காலை வைத்து, நேர்கீழாக அழுத்தி இறக்கும் கருவி. முயல் வளையின் மேல் எதையும் ஓங்கி வெட்டக் கூடாது. ஓங்கிய வீச்சு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலால் அழுத்தி இறக்கும் அலகை அங்குல அங்குலமாக நிறுத்த முடியும்.

அலகின் அகலத்தை முடிவு செய்ய ஒரு சிறு கணக்குப் போதும். ஃபெரெட்டின் கழுத்துப் பட்டையில் உள்ள சிறு அலைபரப்பி, மேலே நாம் பிடித்திருக்கும் கருவிக்கு இடத்தையும் ஆழத்தையும் காட்டிவிடுவதால், இன்று குழியை நேராக அதன்மேலேயே தொடங்கலாம். மூன்றடி ஆழத்துக்கு, இரண்டடி விட்டமுள்ள குழி தோண்டினால் ஏறத்தாழ 400 கிலோ மண்ணை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதே ஆழத்துக்கு ஒன்றரை அடி விட்டம் போதுமென்றால் 225 கிலோவோடு வேலை முடிந்துவிடும். தோட்டத்து ஸ்பேடின் அலகு ஏழரை அங்குல அகலம் இருக்கும். ஒன்றரை அடிக் குழிக்குள் அதைத் திருப்பவே இடம் போதாது. முயல் பிடிப்பவர்களுக்கென்று விற்கப்படும் ஸ்பேடுகளின் அலகு மேலே சற்று அகன்று, நுனியை நோக்கிக் குறுகி வருவது இதற்காகத்தான். நுனியில் நாலரை முதல் ஐந்தரை அங்குலம், நீளத்தில் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் என்ற அளவு பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். இன்னும் குறுகலாக, வடிகால் தோண்டுவதற்கென்று வரும் ஸ்பேடு மண்ணை அழகாக வெட்டும். வெட்டிய மண்ணை மேலே கொண்டுவருவதில்தான் அது ஏமாற்றும்.

காம்பின் நீளத்தையும் இதே குழியை வைத்தே பார்க்க வேண்டும். முழு நீளம் ஒரு மீட்டர் அளவில் இருந்தால், மூன்றடிக் குழியின் அடியில் அலகு நிற்கும்போது பிடி தரைமட்டத்துக்குச் சற்று மேலே கைக்கு எட்டும்படி இருக்கும். அதைவிட நீண்டால் முட்புதருக்கு அடியில் குனிந்து வேலை செய்ய முடியாது. அதைவிடக் குறைந்தால் குழிக்குள் தலைகுப்புறத் தொங்க வேண்டியிருக்கும். காம்புக்கும் அலகுக்கும் இடையிலுள்ள வளைவும் முக்கியமானது. மண் வாரும் ஷவலில் அந்த வளைவு அதிகம் என்பதால் குறுகிய குழிக்குள் அது நேர்கீழாக இறங்காமல் சுவரைப் பெயர்க்கும். ஏறக்குறைய நேராக நிற்கும் அலகும், உதிரி மண் வழுகி விழாதபடி உள்ளங்கையைக் குவித்தது போன்ற இலேசான குழிவும் சேர்ந்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்றரை அடி வாய் கொண்ட குப்பைத்தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்பேடை அதற்குள் இறக்கி, மண்ணை நெம்புவது போல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். காம்பு விளிம்பில் இடித்து அலகு அசையவே இல்லையென்றால், அது உங்கள் குழிக்கு ஆகாது.

எடுத்துச் செல்ல எளிது என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, இராணுவத்தினர் பயன்படுத்தும் மடக்கு ஸ்பேடு. நானும் முதல் பருவத்தில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். தென் இங்கிலாந்தின் சசெக்ஸில், களிமண் கரைமேல் பிளாக்தார்ன் என்ற முட்செடி வேலி அடர்ந்திருந்த ஓர் இடத்தில், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் என் பெட்டை ஃபெரெட் நின்றுவிட்டதைக் கருவி காட்டியது. முதல் அடியைத் தோண்டும்போதே கீலை இறுக்கும் வளையத்துக்குள் களிமண் புகுந்தது. இரண்டாவது அடியில் பெருவிரல் கனமுள்ள வேர் ஒன்றை நெம்பியபோது வளையம் நழுவ, அலகு பாதி மடங்கி என் மணிக்கட்டின் மேல் சாய்ந்தது. அதன்பின் ஒவ்வொரு நாலைந்து குத்துக்கும் ஒருமுறை மண்ணைச் சுரண்டி எடுத்து, வளையத்தை மீண்டும் திருகி இறுக்கி, மாலை இருட்டும் நேரத்தில்தான் அவளை எடுத்தேன். காலை வைத்து அழுத்த அதில் போதிய தோள்பட்டையும் இல்லை. அரைமீட்டருக்குச் சற்று அதிகமான அதன் நீளம் முழுவதும் குழிக்குள் போய்விட்டதால், கடைசிப் பகுதியை வயிற்றில் படுத்தபடி தோண்ட நேர்ந்தது. எடையில் கிடைத்த ஒரு கிலோ இலாபம் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகாது. மடக்கு ஸ்பேடை வண்டியில் உபரியாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பி வயலுக்குள் போகாதீர்கள்.

மடங்காத ஸ்பேடிலும் முதலில் உடைவது இணைப்புதான். அலகும், காம்பைச் செருகும் குழலும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டிருந்தால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். மெல்லிய தகட்டை அழுத்தி மடித்துச் செய்த மலிவு ஸ்பேடில் குழலின் பின்புறம் ஒரு பிளவு திறந்தே இருக்கும். ஈரமண் அதற்குள் புகுந்து காம்பை உள்ளிருந்து உளுக்க வைக்கும். மரக்காம்பில் ஆஷ் மரமே நல்லது, ஏனெனில் அது அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு கையைக் காப்பாற்றும். ரேகைகள் காம்பின் நீளத்துக்கு ஓடுகின்றனவா என்று கண்ணருகே வைத்துப் பாருங்கள். குறுக்கே வழிந்து வெளியேறும் ரேகை இருக்கிற இடத்தில்தான் அது முறியும். முழுவதும் எஃகாலான காம்பு வேர்களை நெம்ப உறுதியானது என்றாலும் கனம் அதிகம். சனவரி உறைபனியில் கையுறையின்றி அதைப் பிடிக்கவும் முடியாது. மேலும், கீழே வைக்கும்போது கல்லில் பட்டு ஒலித்தால், மண்ணுக்குள் இருக்கும் முயல்கள் வெளியே ஓடத் தயங்கும். தோண்ட வேண்டிய தேவையே அங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது.

எந்த மண்ணில் நடக்கிறீர்கள் என்பதற்கேற்பச் சிறு மாறுதல்கள் தேவைப்படும். கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக், சஃபோக் எல்லையிலுள்ள பிரெக்லண்டின் மணற்பாங்கில் அலகு இறங்குவது எளிது, மண் நிற்பதுதான் கடினம். அங்கே குழிவு சற்று அதிகமுள்ள அலகு வேண்டும், குழியையும் கொஞ்சம் அகலமாகவே தொடங்க வேண்டும். தென் இங்கிலாந்தின் தெற்கு டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணாம்பு நிலத்தில் சக்கிமுக்கிக் கற்கள் நிறைந்திருக்கும். நேர்விளிம்பு கொண்ட அலகு அவற்றில் முட்டி நிற்கும், வட்டமாக வளைந்த நுனியோ கற்களுக்கு இடையே வழி தேடிக்கொள்ளும். ஒட்டும் களிமண்ணுக்கு வழவழப்பாகத் தேய்த்த, குறுகிய அலகே ஏற்றது.

பிரெக்லண்டில் முயல் வளர்ப்பே ஒரு காலத்தில் தொழிலாக இருந்தது. நார்மன் ஆட்சிக் காலத்துக்குப் பின் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்க்கப்பட்ட முயல்களைக் காக்கக் கட்டிய தெட்ஃபோர்ட் வாரன் லாட்ஜ் என்ற கல்வீடு இன்றும் நிற்கிறது. கழுத்துப்பட்டைக் கருவி இல்லாத நாள்களில், கயிறு கட்டிய ஆண் ஃபெரெட்டை உள்ளே அனுப்பி, கயிறு போன வழியே தோண்டிக்கொண்டு போவார்கள். ஆளுயரத்தைத் தாண்டும் காம்பும், அதன் முனையில் சிறு அலகும், மறுமுனையில் கயிற்றைப் பிடித்திழுக்க ஒரு கொக்கியும் கொண்ட நீண்ட ஸ்பேடு அந்த வேலைக்கென்றே பிறந்தது. ஐந்தடி, ஆறடி ஆழமுள்ள வளைகளில் அடிக்கடி வேலை இருப்பவருக்கு அது இன்றும் பயன்படும். மற்றவர்களுக்கு அது சுமைதான்.

இனி அந்தக் கடைசிச் சாண். கருவி காட்டும் ஆழத்திலிருந்து ஓர் அடியைக் கழித்து, அந்த அளவைக் காம்பில் வண்ண நாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். நாடா தரைமட்டத்தைத் தொட்டதும் காலை எடுத்துவிட வேண்டும். கருவியைக் குழிக்குள் இறக்கி, ஃபெரெட் நகர்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அதன்பின் அலகைக் குத்தாமல், சுவரை ஒட்டிச் சாய்வாகச் சீவிச் சீவி இறங்கினால், ஓரிடத்தில் அலகின் ஓசை மாறும். திணிந்த மண்ணின் மந்தமான ஓசை போய், பானையைத் தட்டியது போன்ற வெற்றொலி கேட்கும். அங்கே ஸ்பேடை வெளியே வைத்துவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். மண்துகள் உள்நோக்கி உதிர, முஷ்டியளவு துளை திறக்கும். பெரும்பாலும் முதலில் தெரிவது முயலின் பின்புறத்தை ஃபெரெட் பிறாண்டியதில் பறந்த சாம்பல்நிற மயிர்தான். துளையைக் கையால் மூடியபடி அகலப்படுத்தி, ஃபெரெட்டைத் தோள்களுக்குப் பின்னால் பிடித்து முதலில் வெளியே எடுங்கள். பிறகு முயலை எடுத்து, தாமதமின்றி அதன் உயிரைப் போக்குங்கள். அதைத் துன்புறுத்தாமல் கொல்லத் தெரியாதவர், தெரிந்தவரிடம் கற்றுக்கொண்ட பிறகே தனியாகப் போக வேண்டும்.

ஸ்பேடோடு ஒரு நிலத்துக்குள் நுழைவதற்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 1880ஆம் ஆண்டின் சட்டம் நிலத்தைப் பயிரிடுபவருக்கு முயல் பிடிக்கும் உரிமையைத் தருகிறது. வெளியாள் நிலத்துக்குரியவரின் அனுமதியை எழுத்தில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. அதைவிட முக்கியமானது, மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் வளை. 1992ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி பேட்ஜர் வளையைச் சேதப்படுத்துவது குற்றம். அதன் ஒரு மூலையில் முயல்களும் குடியிருப்பது உண்டு என்பதால் தவறு எளிதில் நேரும். முயல் வளையின் வாய் பத்து, பதினைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். பேட்ஜருடையது 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், உயரத்தைவிட அகலம் மிகுந்து, வெளியே பெரும் மண்குவியலோடும் இழுத்துப்போட்ட காய்ந்த புல்லோடும் இருக்கும். ஐயம் எழுந்தாலே ஃபெரெட்டை உள்ளே விடாதீர்கள்.

தூக்கிச் செல்லும்போது அலகின் விளிம்புக்குப் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு ஒன்றை உறையாக மாட்டுங்கள். உறையில்லாத ஸ்பேடை வலைகளோடு ஒரே பையில் போட்டால் வலைகள் அறுந்துபோகும். விளிம்பை அரத்தால் ஒரே பக்கமாகச் சாணை பிடியுங்கள். பழைய தோட்டத்து ஸ்பேடை அரவை இயந்திரத்தில் குறுக்குபவர்கள், எஃகு நீலம் பாரித்துத் தன் கடினத்தை இழந்துவிடாதபடி அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். குழியை மூடாமல் ஒருபோதும் திரும்பாதீர்கள், ஏனென்றால் அந்த வழியே மேயப் போகும் மாட்டுக்கோ குதிரைக்கோ காலை முறிக்க அது ஒன்றே போதும். எடுத்த மண்ணை அரையடிக்கு ஒருமுறை மிதித்து இறுக்கி நிரப்பி, முதலிலேயே கட்டியாக வெட்டி ஓரமாக வைத்த புற்கரணையை மேலே பொருத்திவிட்டால், இரண்டு மழையில் இடம் தெரியாமல் போய்விடும். வீட்டில் செல்ல முயல் வளர்ப்பவர்கள், காட்டு முயல்களின் இரத்தக்கசிவு நோய் மண்ணோடு ஒட்டிவரும் என்பதால், அலகையும் காலணியையும் கழுவிக் கிருமிநாசினி தெளித்த பிறகே கூண்டருகே போக வேண்டும். உலர்ந்த அலகில் எண்ணெய்த் துணியை ஒருமுறை இழுத்து, காம்புக்குப் பருவத்துக்கு இருமுறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, தரையில் படாமல் ஆணியில் தொங்கவிடுங்கள்.